நம்பகத்தன்மை அல்ல, மறைகாப்பு

கிளிநொச்சிப் பக்கம் பெண்களுக்குக் கொடுபடும் ஒரு சுகாதாரப் படிவத்தில் முதல் வரி இது: "உங்கள் தகவல்களின் நம்பகத்தன்மை உறுதிப்படுத்தப்படும்." எழுதினவர் சொல்ல நினைத்தது, வெளியில் விடமாட்டோம் என்று. வாசிக்கிறவளுக்கு விளங்குவதோ, நீ சொல்வது மெய்யா பொய்யா என்று விசாரிப்போம் என்பது. இதே பிழையை எத்தனை படிவங்களில்தான் பார்ப்பது!

ஆங்கில மூலச்சொல் கொன்ஃபிடென்ஷியலிட்டி. இலத்தீனில் 'ஃபிடேஸ்' என்றால் நம்பிக்கை. நம்பிச் சொன்னதைக் காப்பது என்று பொருள் வளர்ந்தது. மொழிபெயர்ப்பாளர் நம்பிக்கையோடு நின்றுவிட்டார். நம்பகம் சாட்சிக்கும் செய்திக்கும் உரிய சொல்.

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவுப்படி, தாயின் உயிரைக் காக்கவன்றிக் கருவைக் கலைத்தால் 3 வருடம் வரை சிறை; தானே கலைத்துக்கொண்டவளும் குற்றவாளி. குளிசை போட்டு, இரத்தம் நிற்காமல் காய்ச்சலோடு வருகிறவள் என்ன குளிசை, எப்போது போட்டது என்று சொன்னால்தான் வைத்தியம் சரியாக நடக்கும். அந்த வரியைக் கண்டவள் "தானாப் போனது டொக்டர்" என்றுதான் சொல்லுவாள்.

அப்படியென்றால் எந்தச் சொல்? 'மந்தணம்' தமிழ்நாட்டு அலுவலகச் சொல். அழகுதான், ஆனால் புதுக்குடியிருப்பில் ஆருக்கு விளங்கும்? 'அந்தரங்கம்' அவளுடைய உரிமை. நான் கேட்பது அதைக் கேட்டறிந்தவரின் கடமைக்கு ஒரு பெயர். 'இரகசியத்தன்மை' கிட்ட வருகிறது. ஆனால் இந்தத் 'தன்மை' வால் பொல்லாதது: இரகசியம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்பதுபோல, காக்க வேண்டிய ஆளை வசனத்தை விட்டே கலைத்துவிடுகிறது.

'மறைகாப்பு' என்றால் காப்பவர் உள்ளே நிற்கிறார். மறை வேதமல்லவா என்பார்கள். கேட்ட மறையைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சொல்கிறவரை அறைபறை, அதாவது அடிபடும் பறை, என்கிறது குறள். அங்கே மறை இரகசியம்தான்.

இந்தியச் சட்டம் இதைச் செயலாகவே எழுதியிருக்கிறது. 1971 ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தில் 2021 இல் சேர்ந்த 5ஏ பிரிவுப்படி, சட்டம் அனுமதித்தவருக்கன்றி வேறெவருக்கும் பெண்ணின் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. 2003 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி பெயர் அனுமதிப் பதிவேட்டில் மட்டும். மற்ற அட்டைகளில் தொடரிலக்கம்தான். பிறகு அவள் உடல் எப்படித் தேறியது என்று பார்க்க அந்த இலக்கமே போதும்.

அதே படிவத்தின் அடியில் இன்னொன்று: "சுகாதாரப் பெறுபேறுகள் கண்காணிக்கப்படும்." பெறுபேறு இங்கே ஓ.எல். பள்ளிச் சோதனைக்கு வருவது. கண்காணிப்பு என்றால் வன்னிச் சனத்துக்கு யார் ஞாபகம் வரும் என்று கொழும்பிலிருந்து மொழிபெயர்க்கிறவருக்கு ஆர் சொல்வது? "சுகம் எப்படி என்று தொடர்ந்து கேட்போம்" என்று எழுதினால் சம்பளத்தைக் குறைத்துவிடுவார்களா?