விமானத்துக்கு ஏது உணர்ச்சி?

‘செயற்கை உணர்ச்சி அமைப்பு’ என்ற தொடரை விமானவியல் கட்டுரைகளில் இந்த மாதம் மூன்றாவது முறையாகப் படித்துவிட்டேன். விமானியின் இயக்குகோல் கைக்குச் செயற்கையாக எதிர்ப்புக் காட்டும்படி செய்யும் ஏற்பாடான ‘ஆர்ட்டிஃபிஷியல் ஃபீல்’ என்பதற்குச் சொல்லுக்குச் சொல் வைத்த பெயர் இது; விமானம் பொய்யழுகை அழுவதாகத்தான் வாசகர் எண்ணுவார்.

‘ஃபீல்’ பழைய ஆங்கிலத்தில் தொட்டறிதலைக் குறித்த வினை. பிற்பாடு பெயராகி, தொடப்படும் பொருளின் தன்மைக்கும் ஆயிற்று. பொறியாளர் கருதுவது இந்தப் பிற்பொருளையே. பழைய விமானங்களில் வால் தகட்டை அழுத்தும் காற்றே வடங்களின் வழியாக விமானியின் கையை எதிர்த்தது. வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கானது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் விசை அந்தச் சுமையைத் தானே ஏற்றுக்கொண்டபின் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. அதிவேகத்தில் இயக்குகோலைச் சற்று மிகுதியாக இழுத்தாலும் விமானத்தின் சட்டகம் தாங்காது என்பதால், சுருள்வில்லையும், வேகத்தால் எழும் காற்றழுத்தத்துக்கேற்ப எதிர்ப்பைக் கூட்டும் பொறியையும் வைத்தார்கள். எஃப்-16 போர்விமானத்தின் கோல் முதலில் அசையாமல் விசையை மட்டுமே அளந்தது; விமானிகளுக்கு ஒத்துவராததால் சிறிது அசையும்படி மாற்றினார்கள்.

‘தொடுவுணர்வு’ என்று திருத்துவோரும் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். உணர்வு விமானியினுடையது, அவர் விரல் மரத்துப்போனாலும் கோலின் குணம் மாறாது. மேலும், ‘செயற்கைத் தொடுவுணர்வு’ என்றால் கையிழந்தவருக்குப் பொருத்தும் செயற்கைக் கையின் ஏற்பாடு என்றே பொருள்படும். அப்படியொரு துறை உண்மையிலேயே இருக்கிறது. அதற்கு வேண்டிய சொல்லை இங்கே செலவழிப்பானேன்?

நான் ‘கைப்பதம்’ என்பேன். பாகு கம்பிப் பதத்துக்கு வந்ததா என்று இரு விரலிடையே இழுத்துப் பார்க்கிறோம். பதம் பாகில் இருக்கிறது, அறிவது விரல். (கைப்பக்குவம் சமைப்பவருடையது, ஆகவே இங்கே உதவாது.) பதம் வடசொல் ஆயிற்றே என்பார்கள். சொல்லைக் குறிக்கும் பதம்தான் வடமொழி. பதப்படுத்துவதில் உள்ள பதம் வேறு.

மழைக்காலத்தில் உப்பிய மேசை இழுப்பறை மெல்ல இழுத்தால் வராது, அழுத்தி இழுத்தால் மடியில் வந்து விழும். உராய்வு மிகுந்த கோலில் சிறு திருத்தம் செய்யும் விமானியும் இப்படித்தான் தேவைக்கு மேல் போய், திரும்ப இழுத்து, அங்கும் மிகுந்துபோகிறார். அந்தக் கோலுக்குக் கைப்பதம் சரியில்லை என்றால் எந்த மெக்கானிக்குக்கும் விளங்கும். உணர்ச்சி சரியில்லை என்றால் விமானியை மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்.