பந்திக்கு முந்தும் ஊசி

"சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி இன்சுலின் ஊசி போடுங்க" என்று டைப் 1 சர்க்கரை உள்ளவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். ஏன் அரை மணி என்று விளக்குவதற்குக் கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் நேரம் கிடைப்பதில்லை. காரணம் தெரியாத கட்டளையை வீட்டில் யார் காப்பாற்றுவார்கள்? ஊசியைப் போட்ட கையோடு இட்லித் தட்டை இழுத்து வைத்துக்கொள்வதுதான் நடக்கிறது.

கணையம் ஒழுங்காக வேலை செய்பவருக்கு, சாப்பிடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே இன்சுலின் சுரந்துவிடும். சுரந்தது முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. ரத்தத்தில் சுமார் 5 நிமிடத்தில் அது பாதியாகிவிடுவதால், தேவை தீர்ந்ததும் தானே அடங்கிவிடும். டைப் 1-இல் உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. இந்த ஏற்பாடே இல்லாமல் போகிறது. வெளியிலிருந்து போடும் மருந்து தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் தங்கி, அங்கிருந்து ரத்தத்துக்கு வரவேண்டும். தாமதம் அங்கேதான்.

பாட்டிலில் உள்ள இன்சுலின் மூலக்கூறுகள் பெரும்பாலும் தனித்தனியாக இருப்பதில்லை. துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு ஆறாகக் கட்டுண்டு கிடக்கின்றன. 1969-இல் பிரிட்டிஷ் வேதியியலாளர் டோரதி ஹாட்ஜ்கின் குழுவினர் எக்ஸ் கதிர்களால் இன்சுலினின் அமைப்பைக் கண்டறிந்தபோது இந்தக் கட்டு அணு அணுவாகத் தெரிந்தது. மருந்து கெடாமல் இருக்க அது நல்லது. கணையமும் தன் செல்களுக்குள் இப்படித்தான் சேமித்து வைக்கிறது. ஆனால் ஆறு பேர் கைகோத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏற முடியுமா? நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவரை அந்தக் கட்டு எளிதில் தாண்டாது. தோலுக்கடியில் மருந்து மெல்ல நீர்த்து, ஆறு இரண்டிரண்டாகி, பிறகு ஒற்றையானால்தான் வழி கிடைக்கும். ரெகுலர் என்ற பழைய வகை இன்சுலினுக்கு இதற்கே ஏறத்தாழ அரை மணி போய்விடுகிறது. உச்சத்துக்கு வர 2 முதல் 4 மணி நேரம். வேலையின் வால் 6, 8 மணி நேரம் வரை நீளும்.

1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லிஸ்ப்ரோ என்ற வேகமான இன்சுலின் இந்தக் கட்டைத் தளர்த்த வந்தது. இன்சுலினின் 'பி' சங்கிலியில் 28, 29 ஆகிய இடங்களில் இருக்கும் இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றினார்கள், அவ்வளவுதான். ஒன்றோடொன்று ஒட்டும் பிடி குறைந்தது. மருந்து 15 நிமிட அளவில் வேலையைத் தொடங்குகிறது. பின்னால் வந்த அஸ்பார்ட்டும் அதே வகை. ஆனாலும் தட்டில் கைவைத்த நேரத்தில் போட்டால் இதுவும் பிந்தித்தான் போகிறது. 10 முதல் 20 நிமிடம் முன்னதாகப் போட்டால் சாப்பாட்டுக்குப் பிந்திய ஏற்றம் குறைகிறது.

இது ஊசியின் கடிகாரம். சாப்பாட்டுக்கும் ஒரு கடிகாரம் உண்டு, அது தட்டுக்குத் தட்டு மாறும். வெறும் இடியாப்பம் சீக்கிரம் குளுக்கோஸாகிவிடும். அதன்மேல் சொதியை ஊற்றினால் தேங்காய்ப்பாலின் கொழுப்பு இரைப்பையைக் கொஞ்சம் மெதுவாகக் காலி செய்யவைக்கும். எண்ணெயில் ஊறிய பரோட்டாவும் சால்னாவும் இன்னும் மோசம்: 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் சுகர் நல்ல பிள்ளையாக இருக்கும், நடுராத்திரியில் 300-ஐத் தொட்டிருக்கும். இப்படிப்பட்ட சாப்பாட்டுக்குச் சில டாக்டர்கள் டோஸை இரண்டாகப் பிரித்துப் போடச் சொல்வதுண்டு. கேட்காமல் தானாகச் செய்யக்கூடாது. அல்வாவைப் பற்றி, "நெய்தானே, ஒண்ணும் ஏறாது" என்று சொல்லும் ஆட்கள் ஊரில் நிறைய. நெய் ஏற்றத்தைத் தள்ளிப்போடும். சீனியையும் கோதுமைப் பாலையும் காணாமல் ஆக்காது. கருப்பட்டிக்கும் அதே பதில்தான். அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ். பதநீரோ திரவம், குடித்த வேகத்தில் ஏறும்.

நெய் ஏற்றத்தைத் தள்ளிப்போடும் அதே காரணத்தால் லோ சுகர் வரும்போது அல்வாவை நம்பக்கூடாது. 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கும்போது வேண்டியது நெய் கலக்காத சர்க்கரை: சுமார் 15 கிராம் குளுக்கோஸ் பவுடர், அல்லது தண்ணீரில் கலக்கிய 3 டீஸ்பூன் சீனி. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

முன்னதாகப் போடும் வழக்கம் நம் ஊரில் மாட்டிக்கொள்வது கல்யாண வீட்டில். "எய்யா, பந்திக்குக் கூப்புடுதாவ, ஊசியப் போட்டுக்கோ" என்பாள் அம்மா. ஊசி போட்டுவிட்டுப் போனால் மண்டபத்தில் முதல் பந்தி நிறைந்து, அடுத்ததற்கு ஆள் பின்னால் ஆள் நிற்கும். மருந்து வேலையைத் தொடங்கியிருக்கும், இலைகூட விழுந்திருக்காது. என் கருத்து, பந்தியில் முன்கூட்டிய ஊசி வேண்டாம்: இலையில் சோறு விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு போடுவதே மேல். கொஞ்சம் ஏறும், ஏறட்டும். ஏற்றத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். கூட்டத்துக்கு நடுவில் வரும் லோ சுகர் அப்படிக் காத்திருக்காது. எவ்வளவு சாப்பிடும் என்று தெரியாத சின்னக் குழந்தைக்கு, வேகமான இன்சுலினைச் சாப்பிட்ட உடனே போடச் சொல்வதும் இதனால்தான்.

காலையும் இரவும் 30/70 கலவை போடுபவர்களின் கணக்கு வேறு. அதில் 30 பங்கு ரெகுலர். மீதி 70 பங்கு, மீனிலிருந்து எடுக்கும் புரோட்டமின் என்ற புரதத்தோடு பிணைத்து மெதுவாக்கிய இன்சுலின். பாட்டில் பால்போல இருப்பது அதனால்தான். காலையில் போட்டது மதியம் வேலை செய்துகொண்டிருக்கும். அறுவடை வேலையில் நின்று மதியச் சோற்றை மூன்று மணிக்குத் தள்ளினால் வயலிலேயே சுகர் இறங்கிவிடும்.

விரத நாளில் குழப்பம் வரும். சஷ்டிக்குப் பட்டினி என்றால் சாப்பாட்டு ஊசிக்கு வேலையில்லை என்பது சரி. ஆனால் நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்யும் நீள் இன்சுலினை நிறுத்தினால், சாப்பிடாமலே கல்லீரல் சர்க்கரையைக் கொட்டும், கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேரும், உயிருக்கே ஆபத்து. விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

ஊசி குத்தும் இடமும் கடிகாரத்தை மாற்றும். வயிற்றில் போட்டால் வேகம், தொடையில் மெதுவு. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் குத்தினால் கட்டியாகத் தடித்துவிடும். அங்கே போட்ட மருந்து எப்போது ரத்தத்துக்கு வரும் என்று சொல்லவே முடியாது. பாளையங்கோட்டை மே மாத வெயிலில் பைக் பெட்டியில் வைத்த பாட்டிலும் அப்படித்தான், நேரமும் பலமும் இரண்டும் கெடும்.

தனக்கு எத்தனை நிமிட இடைவெளி பொருந்தும் என்பதைக் குளுக்கோமீட்டரே காட்டிக்கொடுக்கும். ஒரே காலை உணவை, உதாரணமாக 3 இட்லியும் சாம்பாரும், சில நாள் தொடர்ந்து சாப்பிட்டு, 1 மணி நேரம் கழித்தும் 2 மணி நேரம் கழித்தும் அடுத்த சாப்பாட்டுக்கு முன்பும் பார்த்து எழுதவேண்டும். முதலில் உயரப் போய் மதியத்துக்குள் சரியான அளவுக்கு இறங்கிவிட்டால் டோஸ் சரி, இடைவெளி போதவில்லை. ஏறியது இறங்காமலே நின்றால் டோஸ் குறைவு. முதலில் இறங்கி, பிறகு ஏறினால் ஊசி சாப்பாட்டை அளவுக்கு மீறி முந்திவிட்டது, அல்லது தட்டில் கொழுப்பு அதிகம். இந்த நோட்டோடு டாக்டரைப் பார்க்கப் போனால், நிமிடத்தை மாற்றுவதா யூனிட்டை மாற்றுவதா என்பதை அவர் அங்கேயே சொல்லிவிடுவார்.