‘நேற்று வந்திருந்தேன்’: தமிழில் சரி, ஆங்கிலத்தில்?

அலுவலக மெயில்களைத் திருத்தும் வேலையில் இருப்பவர்களுக்கு நன்றாகப் பழகிய வாக்கியம் ஒன்று உண்டு: ‘ஐ ஹேட் கம் டு யுவர் ஆபிஸ் யெஸ்டர்டே.’ எழுதியவருக்கு கிராமர் தெரியாமல் இருக்காது. பன்னிரண்டு டென்ஸையும் கேட்டால் மளமளவென்று ஒப்பிப்பார். ஆனாலும் அந்த ‘ஹேட்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது வருவது ‘நேற்று உங்க ஆபிசுக்கு வந்திருந்தேன்’ என்ற தமிழிலிருந்து.

தமிழில் ‘வந்திருந்தேன்’ என்றால் வந்தேன், இருந்தேன், திரும்பிப் போய்விட்டேன் என்று பொருள். நடந்தது ஒரே சம்பவம். ஆங்கில ‘ஹேட்’டுக்கு ஒரு சம்பவம் போதாது. முடிந்துபோன இரண்டு வேண்டும், அதில் முந்தியதற்குத்தான் ‘ஹேட்’ போட வேண்டும். ‘வென் தி மேனேஜர் அரைவ்ட், ஐ ஹேட் லெஃப்ட்.’ மேனேஜர் வந்தது ஒன்று, அதற்கு முன்பே நான் கிளம்பியது இன்னொன்று. ஆகவே ‘ஹேட்’ எழுதினால் உடனே ‘எதற்கு முன்னால்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் அதே வாக்கியத்திலோ பக்கத்து வாக்கியத்திலோ கிடைக்காவிட்டால் அடித்துவிடுங்கள். ‘ஐ கேம் டு யுவர் ஆபிஸ் யெஸ்டர்டே’ போதும்.

இதற்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொரு பிழை, ‘ஹேஸ்’, ‘ஹேவ்’ சம்பந்தப்பட்டது. காலையில் வாசல் ஈரமாக இருப்பதைப் பார்த்து ‘ராத்திரி மழை பெய்திருக்கு’ என்கிறோம். கண்ணால் பார்க்கவில்லை, அடையாளத்தை வைத்துச் சொல்கிறோம். தமிழின் ‘இருக்கிறது’ இந்த ஊகத்தையும் சேர்த்தே சொல்லிவிடும். அதையே ‘இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்று எழுதினால் தப்பு. முடிந்துபோன நேரத்தைக் காட்டும் சொல் (யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2019) வந்துவிட்டால் ‘ஹேவ்’ வரக்கூடாது. ‘இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்று எழுதலாம். ஊகத்தையும் காட்ட வேண்டுமென்றால் ‘இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்.’ ‘மஸ்ட் ஹேவ்’ வேறு அமைப்பு, அதற்கு இந்தத் தடை கிடையாது. ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘யெட்’ வரும் இடங்களில் பிரிட்டிஷ்காரர்கள் பொதுவாக ‘ஹேவ்’ போடுவார்கள், அமெரிக்கர்கள் பல நேரம் விட்டுவிடுவார்கள். ‘யெஸ்டர்டே’யோடு ‘ஹேவ்’ இரண்டு ஊரிலும் செல்லாது.

‘வரவில்லை’ என்பது இன்னும் வம்பானது. அதில் காலமே கிடையாது. ‘நேற்று வரவில்லை’, ‘இன்னும் வரவில்லை’, ‘நாளைக்கு நான் வரவில்லை’ மூன்றும் தமிழில் சரி. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மூன்று உருவம்: ‘டிட் நாட் கம்’, ‘ஹேஸ் நாட் கம்’, ‘ஆம் நாட் கமிங்’. பணம் கேட்டு எழுதும் மெயிலில் இது வெறும் இலக்கணப் பிரச்சினையோடு நிற்காது. ‘வி ஹேவ் நாட் ரிசீவ்ட் தி பேமென்ட்’ என்றால் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று படிப்பவருக்குப் புரியும். ‘வி டிட் நாட் ரிசீவ் தி பேமென்ட்’ என்றால் எப்போதோ முடிந்த கதையைச் சொல்வது போல இருக்கும். ‘டிட் நாட் கேம்’ என்று எழுதுபவர்களுக்கு ஒரே வரி: இறந்தகாலம் ‘டிட்’டிலேயே வந்துவிட்டது, இரண்டாவது முறை வேண்டாம்.

ரெஸ்யூமில் அடிக்கடி சறுக்கும் இடம் அனுபவத்தைச் சொல்லும் வரி. ‘மூன்று வருஷமா இங்கே வேலை பார்க்கிறேன்’ என்பதில் வினை நிகழ்காலம். அதனால் ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃப்ரம் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதுகிறார்கள். எழுத வேண்டியது ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்.’ கால அளவு சொன்னால் ‘ஃபார்’, தொடங்கிய நாளைச் சொன்னால் ‘சின்ஸ்’: ‘சின்ஸ் 2021’. ‘ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதிவிட்டால் வேலையை விட்டுவிட்டதாக அர்த்தம். இன்டர்வியூ எடுப்பவர் ‘ஏன் விட்டீர்கள்?’ என்று கேட்டால் அவர் மேல் தப்பில்லை.

‘தினமும் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பேன்’ என்பதில் உருவம் எதிர்காலம், பொருள் வழக்கம். அதுதான் ‘டெய்லி ஐ வில் கெட் அப் அட் ஃபைவ்’ ஆகிறது. வழக்கத்துக்கு ‘ஐ கெட் அப் அட் ஃபைவ்’ போதும். ‘ஸ்கூல் படிக்கும்போது சைக்கிளில்தான் போவேன்’ என்ற பழைய வழக்கத்துக்கு ‘ஐ யூஸ்ட் டு கோ’. ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘ஐ ஆம் நோயிங் ஹிம்’ இரண்டிலும் ‘இங்’ கூடாது. வைத்திருப்பது, தெரிந்திருப்பது எல்லாம் நிலை, செயல் அல்ல. ‘ஹேவிங் லஞ்ச்’ செயல், அதனால் சரி.

ப்ரோநவுன் பக்கம் வந்தால் முதல் சிக்கல் மரியாதை. ‘அம்மா டீச்சர், அவங்க இப்ப வருவாங்க’ என்று பழகிய வாய் ‘மை மதர் இஸ் எ டீச்சர், தே வில் கம் நவ்’ என்கிறது. கேட்பவர் எத்தனை பேர் வருகிறார்கள் என்று யோசிப்பார். ‘ஷி’ என்றால் மரியாதைக் குறைவாகிவிடாது. பிரதமராக இருந்தாலும் ‘ஹி’ அல்லது ‘ஷி’தான். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவருக்கு ‘தே’ போடுவது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் உண்டு. ஆனால் அதற்கும் மரியாதைக்கும் சம்பந்தமில்லை.

‘ஐ’யா ‘மீ’யா என்று குழம்பினால் கூட இருப்பவரை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘ஹி கால்ட் ரவி அண்ட் ஐ’ என்பதில் ரவியை எடுத்தால் ‘ஹி கால்ட் ஐ’ என்று இடிக்கும். ஆகவே ‘மீ’. ‘நான்’ என்றால் ‘ஐ’, ‘என்னை’, ‘எனக்கு’ என்றால் ‘மீ’ என்ற கணக்கும் பெரும்பாலும் உதவும். ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பிடிக்கும்’ போன்றவற்றில் மட்டும் அது காலை வாரும், அங்கே ‘ஐ’தான். ‘மைசெல்ஃப் குமார்’ வேண்டாம், ‘ஐ ஆம் குமார்’ போதும்.

விட்டுப்போகும் ‘இட்’டையும் கவனியுங்கள். ‘பார்த்துட்டு அனுப்புங்க’ என்பதில் எதை என்று தமிழில் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் ‘ப்ளீஸ் செக் இட் அண்ட் சென்ட் இட் பேக்’.

கடைசியாக, தமிழில் இருக்கிற, ஆங்கிலத்தில் இல்லாத இரண்டு வசதிகள். ‘வி வில் மீட் தி கிளையன்ட் டுமாரோ’ என்றால் நாமா, நாங்களா? மெயிலைப் படிப்பவர் தானும் வர வேண்டுமா என்று திணறுவார். ‘யூ அண்ட் ஐ’ என்றோ ‘மை டீம் அண்ட் ஐ’ என்றோ எழுதிவிடுங்கள். அதேபோல ‘தன்’. ‘ரவி தன் ஃபைலைக் காணோம் என்று குமாரிடம் சொன்னான்’ என்பதில் ஃபைல் ரவியுடையது. ‘ரவி டோல்ட் குமார் தட் ஹிஸ் ஃபைல் வாஸ் மிஸ்ஸிங்’ என்பதில் யாருடையது என்று ஆங்கிலேயருக்கும் தெரியாது. ‘ஹிஸ்’ஸை எடுத்துவிட்டு ‘ரவிஸ் ஃபைல்’ என்று பெயரையே எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் அழகு கொஞ்சம் குறையும், ஃபைல் யாருடையது என்ற சண்டை வராது.