மூன்றாம் நாளே கல்லாகிவிட்டதே, ஏன் பிரிக்கக் கூடாது?

பெங்களூரு ராமமூர்த்தி நகரில், முப்பதுக்கு நாற்பது மனையில் வீடு கட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரூஃப் போட்டு மூணாம் நாள் மேலே ஏறி நடந்தேன் சார், கல்லு மாதிரி இருக்கு. அடியில தாங்குற பலகை, முட்டுன்னு சென்ட்ரிங்கையெல்லாம் ஏழாம் நாள் பிரிச்சு அடுத்த சைட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னு மேஸ்திரி சொல்றார். 14 நாள் தொடக் கூடாதுன்னு ஆர்க்கிடெக்ட் பிடிவாதம் பிடிக்கிறார். வாரம் ஒரு தடவை வந்து சுத்திப் பார்த்துட்டுப் போறவருக்கு அப்படி என்னதான் வேலை?"

முதலில் வேலையைப் பார்ப்போம். மனையை அளப்பது, மாமியாரால் மாடி ஏற முடியுமா என்று விசாரிப்பது, சுற்றிலும் விட வேண்டிய இடத்தை விட்டு மாநகராட்சி அனுமதிக்குப் படம் தருவது எல்லாம் உங்களுக்கே தெரியும். கம்பிக் கணக்கு அவருடையதல்ல, ஸ்ட்ரக்சுரல் என்ஜினியருடையது. அந்தக் கணக்கும் கரன்ட் பைப்பும் குளியலறைச் சரிவும் படிக்கட்டும் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே படத்துக்குள் அடங்க வைப்பவர் ஆர்க்கிடெக்ட். சமையலறையை அக்னி மூலைக்கு மாற்றுங்கள் என்று பென்சில் கோடாக இருக்கும்போது சொன்னால் ஒரு ரப்பரோடு முடிந்தது. பில்லர் எழும்பிய பிறகு சொன்னால் உங்கள் பாடு.

தினமும் சைட்டில் நிற்பது மேஸ்திரியின் வேலை, சைட் என்ஜினியரின் வேலை. ஆர்க்கிடெக்ட் வருகிற நாள்களைக் கொஞ்சம் கவனியுங்கள். அஸ்திவாரக் குழி தோண்டி முடித்ததும் வருவார், கம்பி கட்டி முடித்ததும் வருவார். ஏதோ ஒன்று மூடப்படுவதற்கு முந்தைய நாள் அது. ரூஃப் கம்பி பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டியான கவர் பிளாக் 20 மில்லிமீட்டர் இருக்கிறதா, பீமில் 25 இருக்கிறதா என்று குனிந்து டேப் வைத்துப் பார்ப்பார். மறுநாள் கான்கிரீட் விழுந்துவிட்டால் அதை யாரும் பார்க்க முடியாது.

கண்ணுக்கு மறைந்து நடக்கிற இன்னொரு வேலையும் உண்டு. அதைச் செய்வது சிமென்ட். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

'கான்கிரீட் காயணும்' என்கிறோம். அது காய்ந்து இறுகுவதே இல்லை. காய்ந்துதான் இறுக வேண்டுமென்றால் பாலத்துக்கு ஆற்றுக்குள் தூண் எழுப்ப முடியுமா? சிமென்ட் தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. அதிலுள்ள முக்கியச் சரக்கு ட்ரைகால்சியம் சிலிக்கேட். தண்ணீர் பட்டதும் கரையத் தொடங்கி, கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் என்ற பசையாக மாறி ஜல்லியையும் மணலையும் கவ்விக்கொள்கிறது. நடுவே ஓரிரண்டு மணி நேரம் ஒன்றுமே நடக்காததுபோல் தூங்குகிறது. அந்தத் தூக்கத்தை நம்பித்தான் ரெடிமிக்ஸ் லாரி அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கில் நிற்கிறது!

இப்போது ஜவ்வரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். பாயசம் கொதிக்கும்போது ஜவ்வரிசியின் வெளிப்பக்கம் முதலில் கண்ணாடிபோல் ஆகும். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி அப்படியே நிற்கும். வெளியே உருவான கூழ் உள்ளே போகும் தண்ணீரைத் தடுக்கிறது. சிமென்ட் துகளுக்கும் இதே கதைதான். பசை முதலில் மேலே போர்த்திக்கொள்கிறது. மிச்சத் தண்ணீர் அந்தப் போர்வையைத் துளைத்துத் துளைத்து நடுப்புள்ளியை அடைய வேண்டும். போர்வை தடிக்கத் தடிக்க வேகம் குறையும். மூன்றாம் நாள் நீங்கள் நடந்து பார்த்தது வேகாத ஜவ்வரிசி மேல். ஏழாம் நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலிமை வந்திருக்கும். கணக்குக்கு 28-ஆம் நாளை எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பிறகும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 50 கிலோ மூட்டையில் வேதிவினைக்குள் போய்க் கட்டுப்படுவது சுமார் 11, 12 லிட்டர்தான். பசையின் நுண்துளைகளில் தங்குவதையும் சேர்த்தால் 21. கலவை வாகாக விழ வேண்டும் என்பதற்காக 25 லிட்டர் விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லிங்கராஜபுரத்தில் என் சித்தப்பா வீட்டு ரூஃப் அன்று நான் மிக்சர் பக்கத்தில் நின்றிருந்தேன். கலவை கெட்டியாக இருக்கிறது, கம்பிக்குள் இறங்கவில்லை என்று மேலே இருந்து சத்தம் வந்ததும், ஒரு பையன் மூட்டைக்கு ஒரு வாளி கூடுதலாக ஊற்ற ஆரம்பித்தான். பத்து லிட்டர் பெயின்ட் வாளி. 25 லிட்டர் 35 ஆனது. அந்தப் பத்து லிட்டரை எந்தத் துகளும் குடிக்காது. பின்னால் அது ஆவியாகும், இருந்த இடம் ஓட்டையாக நிற்கும். வலிமையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆர்க்கிடெக்ட் வந்தார், வாளியைப் பிடுங்கிக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். மதியச் சாப்பாடு வரை எழுந்திருக்கவில்லை.

அப்புறம் ராகு காலம். பூமி பூஜைக்கு நல்ல நேரம் பாருங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. வெள்ளிக்கிழமை பாதி ரூஃப் போட்டுவிட்டுப் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை நிறுத்தி வைப்பதுதான் வினை. தூக்கம் கலைந்து இறுகத் தொடங்கிய கலவையோடு புதுக் கலவை சரியாக ஒட்டாது. நடுவே ஒரு கோடு விழும். மழைக்காலத்தில் அந்தக் கோட்டில்தான் ஒழுகும். ராகு ஒழுக வைத்தான் என்று அதற்கும் ஒரு பரிகாரம் சொல்வார்கள்.

க்யூரிங் என்று மேலே தண்ணீர் நிறுத்துவது துகளுக்குப் புதிதாகக் குடிக்கக் கொடுக்க அல்ல, உள்ளே இருப்பது ஓடிப்போகாமல் காவல் வைக்கத்தான். உள்ளே ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வினை ஏறக்குறைய நின்றுவிடும். பெங்களூரு குளிர்ந்த ஊர், இங்கே அவ்வளவு தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் இங்கே அடிக்கும் வறண்ட காற்று ஒரே மதியத்தில் ரூஃபை வெளிற வைத்துவிடும். 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது கட்டுமானத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது குடிநீர் வாரியம். சுத்திகரித்த கழிவுநீர் டேங்கரில் வந்தது. தரம் சோதித்ததென்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஈரக் கோணிப்பை போட்டு அதன் மேல் பாலிதீன் விரித்துவிட்டால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதில் பாதிகூட ஆகாது. சாதா சிமென்ட்டுக்குக் குறைந்தது ஏழு நாள், அனல் மின்நிலையச் சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட்டுக்குப் பத்து நாள் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456.

சாம்பலுக்கு ஏன் மூன்று நாள் கூடுதல்? சிமென்ட் வினையில் உபரியாக வரும் சுண்ணாம்பைத் தின்று, சாம்பல் நிதானமாக இன்னொரு தவணை பசை தருகிறது. நமக்குக் காவிரியைத் தேக்கி வைக்கும் கிருஷ்ணராஜ சாகர் அணையின் கற்களை இணைத்திருப்பதும் இதே வித்தைதான்: சுண்ணாம்போடு சுட்ட செங்கல் பொடி, அதாவது சுர்க்கி. சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக் கல்லையும் சேர்த்து எல்சி3 என்ற சிமென்ட்டை உருவாக்கியதில் டெல்லி, சென்னை ஐஐடிகளுக்கும் பங்குண்டு. ராக்கெட் கிளம்பினால் கை தட்டுகிறோம். களிமண்ணைச் சுட்டுப் பார்க்கிறவருக்கு உலை வாங்கப் பணம் கேட்டால் ஏன் மூன்று வருடம் ஃபைல் நகர்கிறது என்று எனக்குப் புரிந்ததில்லை.

சரி, உங்கள் ரூஃப். அன்றைக்கு அதே கலவையை 15 சென்டிமீட்டர் அச்சில் ஊற்றி, சோதனைக்கு க்யூப் எடுத்திருப்பார்கள். எட்டுக் கிலோ எடையுள்ள அந்தக் கட்டி, எம்20 என்ற வலிமைத் தரத்துக் கலவையானால் 28-ஆம் நாள் சுமார் 45 டன்னைத் தாங்க வேண்டும். ஏழாம் நாள் முடிவை ஆர்க்கிடெக்டிடம் கேட்டு வாங்குங்கள். ஹாலின் குறுகிய பக்கமே 16 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். நாலரை மீட்டருக்குள் இருக்கும் தளத்துக்கு அடியில் முட்டு ஏழு நாள் நிற்க வேண்டும், தாண்டினால் 14 நாள் என்பது அதே ஐஎஸ் 456 விதி. 16 அடி என்பது 4.9 மீட்டர். மேஸ்திரி சொல்வது உங்கள் பெட்ரூமுக்குப் பொருந்தும், ஹாலுக்குப் பொருந்தாது. பிரிக்கும்போது ஹாலில் நடுவிலுள்ள முட்டுகளை முதலில் எடுத்துச் சுவர் பக்கமாக வரச் சொல்லுங்கள். பால்கனிக்கு இது நேர் எதிர்: வெளி முனையில் தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும்.