நன்றாக இருக்கும்போதே எழுதி வையுங்கள்

மனநல சமூகப் பணியாளராக இருப்பதால், அட்மிஷன் நேரத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் வேலை பெரும்பாலும் என்னிடம்தான் வரும். சில வருடங்களுக்கு முன், மனச்சிதைவு நோய் உள்ள ஒருவரை அவருடைய அண்ணன் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டி வந்திருந்தார். ஃபைலில் அண்ணனின் கையெழுத்து இருந்தது, ஆதார் நகல் இருந்தது. தம்பியிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அவர் சொன்னது: "மேடம், போன தடவை போட்ட ஊசியில கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. மாத்திரைன்னா சாப்பிடறேன்னு சொல்ல வந்தேன், யாரும் கேக்கல." நான் போவதற்குள் அதே ஊசியைப் போட்டு முடித்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வழியாகத் தன்னைக் கண்காணிக்கிறார் என்று அவர் அப்போதும் உறுதியாக நம்பினார். ஆனால் ஊசியைப் பற்றி அவர் சொன்னது அத்தனையும் உண்மை, பழைய டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே இருந்தது. ஒரு விஷயத்தில் மனம் குழம்பியிருப்பவருக்கு இன்னொரு விஷயம் தெளிவாகப் புரியும். இதை நாம் ஏற்றுக்கொள்வதே இல்லை. "அவனுக்கு என்ன தெரியும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 மாற்ற முயல்வது இந்த எண்ணத்தைத்தான். 1912-இல் வந்த பைத்தியக்காரர் சட்டம், அதன் இடத்தில் வந்த 1987 சட்டம் இரண்டையும் தாண்டி, இந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு நோயாளியையும் முடிவெடுக்கும் திறன் உள்ளவராகவே பார்க்கச் சொல்கிறது: சிகிச்சை பற்றிய தகவல் புரிகிறதா, விளைவு தெரிகிறதா, முடிவைச் சொல்ல முடிகிறதா, சைகையில் சொன்னாலும் சரி. நமக்குத் தப்பாகத் தோன்றும் முடிவை ஒருவர் எடுத்தார் என்பதற்காக அவருக்குத் திறனில்லை என்று சொல்லிவிட முடியாது. அவர் சம்மதம் தர முடியாத நிலையில் 89-ஆம் பிரிவின்படி சேர்த்தால்கூட, அந்தத் திறனை 7 நாளுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். போன வாரம் முடியாதவருக்கு இந்த வாரம் முடியலாம் இல்லையா?

சங்கிலியால் கட்டக் கூடாது என்பதும் இதே சட்டத்தில் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. தமிழ்நாட்டில் இந்த வேலை பார்க்கிற யாருக்கும் அந்தத் தேதி மறக்காது.

சட்டத்தில் ஒரு குறையும் உண்டு. 1987 சட்டத்தில் சொத்துக்குப் பொறுப்பாளர் நியமிக்க வழி இருந்தது, இதில் அது இல்லை, அதனால் குடும்பங்கள் நீதிமன்றத்துக்கு அலைகின்றன. "மனநிலை சரியில்லைன்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க, பத்திரத்துக்கு வேணும்" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: மருந்து சாப்பிடுகிறார் என்பதை வைத்து ஒருவருடைய கையெழுத்துப் போடும் உரிமையைப் பறிக்க முடியாது.

சரி, நீங்கள் செய்யக்கூடியது என்ன? நோய் அடங்கியிருக்கும் நாளில் இரண்டு காகிதம் தயார் செய்யுங்கள். ஒன்று, நோய் திரும்ப வந்தால் எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. அதில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டு, இந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்தில் பதிய வேண்டும் (அவசர சிகிச்சைக்கு மட்டும் இந்தக் காகிதம் பொருந்தாது). இன்னொன்று, உங்கள் சார்பில் பேச வேண்டியவரை நியமிப்பது. அதற்கு வெள்ளைத்தாளும் உங்கள் கையெழுத்தும் போதும், கைநாட்டாக இருந்தாலும் செல்லும். யாரையும் நியமிக்காவிட்டால் அந்த இடம் உறவினருக்குப் போகும், அவர் நீங்கள் நம்புகிறவராகத்தான் இருப்பார் என்று சொல்ல முடியாது.

அந்தத் தம்பி நான்கு மாதம் கழித்து எழுதினார். முதல் வரி அந்த ஊசியைப் பற்றி. பிரதிநிதியாக அண்ணனைப் போடவில்லை, அக்காவைப் போட்டார். அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது, வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் உள்ளே வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரில் அவரும் ஒருவர்.