செயலிழக்காத ஈரலை ஏன் மாற்ற வேண்டும்?

நீர்க்கட்டி ஈரல் நோய் முற்றியவரின் குருதிப் பரிசோதனை அறிக்கை பெரும்பாலும் வழமையாகவே இருக்கும். பித்தக்கான்களின் உட்சுவர்க் கலங்களில் தோன்றும் கட்டிகள் நீர் கோத்துப் பெருத்தாலும், அவற்றுக்கிடையே எஞ்சிய ஈரல் இழையம் தன் வேலையை விடுவதில்லை. வருத்துவது ஈரலின் பருமனே. ஏறத்தாழ 1.5 கிலோகிராம் இருக்கவேண்டிய உறுப்பு 10 கிலோகிராமையும் தாண்டக்கூடும். உப்புவெளியில் எங்கள் அயலிலுள்ள அக்கா ஒருவர், இரண்டு வாய் பிட்டுக்கு மேல் உண்ண முடியாமல் கைகால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்து, "எத்தனை மாதம்?" என்ற கேள்விக்கு அஞ்சியே சந்தைக்குப் போவதை நிறுத்தினார்.

பல நாடுகளில், இறந்தவரின் ஈரலுக்கான முன்னுரிமை, ஈரலும் சிறுநீரகமும் இயங்கும் விதத்தைக் காட்டும் பிலிருபின், கிரியேட்டினின், குருதி உறையும் நேரம் முதலிய குருதி அளவுகளைக் கொண்டு புள்ளியாகக் கணிக்கப்படுகிறது. ஈரல் செயலிழக்காத இவர்களுக்கு அந்தப் புள்ளி குறைவாகவே வரும். இவ்வளவு துன்பத்தை அந்த அளவுகோல் காணத் தவறுவது பெருங்குறை என்றே நான் கருதுகிறேன். ஆகவே உயிரோடிருப்பவர் ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கும் வழி முக்கியமாகிறது.

பெரியவர்களுக்குப் பொதுவாக வலது மடல் எடுக்கப்படுகிறது. கொடுப்பவரிடம் குறைந்தது 30 சதவீதமாவது எஞ்ச வேண்டும். வெட்டிய மடல் மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சிய பகுதியே முதல் சில வாரங்களில் விரைவாகப் பருக்கிறது. பெறுபவரின் உடல் எடையில் ஏறத்தாழ 0.8 சதவீதமாவது பொருத்தப்படும் ஈரல் இருக்கவேண்டும் என்பது பரவலான அளவு. ஆனால் 60 கிலோகிராம் எடையில் 10 கிலோகிராம் கட்டிகளாயின், எஞ்சிய 50 கிலோகிராமுக்கே கணக்கிட வேண்டும்; 480 கிராம் அன்றி 400 கிராமே கணக்கு.

சத்திரசிகிச்சையின் கடினமான கட்டம் பழைய ஈரலை அகற்றுவதுதான். உடலின் கீழ்ப்பகுதிக் குருதியை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் கீழ்ப்பெருநாளம் உயிருள்ளவர் தரும் மடலுடன் வராது. எனவே வீங்கிய ஈரல் சூழ்ந்து அழுத்தும் பெறுபவரின் நாளத்தையே சிதையாமல் பிரித்துக் காக்க வேண்டும். ஈரல் சுருங்கும் சிரோசிஸ் நோயாளரிடம் காலப்போக்கில் மாற்றுக் குருதிவழிகள் உருவாகியிருக்கும். இங்கு அவை பெரும்பாலும் இல்லாததால், குடலிலிருந்து ஈரலுக்குக் குருதி கொண்டுவரும் வாயினாளத்தை இறுக்கியவுடன் குடலில் குருதி தேங்கும். அதனைத் தவிர்க்கச் சத்திரசிகிச்சை நிபுணர் சிலர் வாயினாளத்தைத் தற்காலிகமாகக் கீழ்ப்பெருநாளத்துடன் இணைப்பர்.

முதலில் முன்வருவோர் உடன்பிறந்தோரே. நோயோ பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்புடன் கடத்தப்படுவது. திருகோணமலையிலேயே எடுக்கக்கூடிய ஸ்கானில் கட்டி தெரியவில்லை என்பதால் மட்டும் இளவயதுத் தம்பி தங்கையரை ஏற்க முடியாது. பிற்காலத்திலும் கட்டி தோன்றலாம் என்பதால் பரம்பரையலகுச் சோதனை தேவைப்படலாம்.

பொருத்திய ஈரல் கொடையாளியின் கலங்களாலானது. அதில் இந்நோய் மீள்வதில்லை. ஆனால் பலருக்குச் சிறுநீரகங்களிலும் கட்டிகள் உண்டு. உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் அவற்றைப் பாதிக்கக்கூடும் என்பதால், சிறுநீரகங்களைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருக்கிறது.