இரைச்சலில் நெய்த சேலை

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “தீபாவளிக்கு விளம்பரம் எடுக்க வேண்டும். மாடல், கேமரா, எடிட்டிங் என்று போனால் கட்டுப்படியாகாது. எங்கள் சேலையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் கோயில் பிராகாரத்தில் நடந்து வருவது போல ஏஐ வீடியோ செய்துவிடலாம் என்கிறான் மகன். செய்யலாமா, அது தப்பா?”

பாதி செய்யலாம், பாதி கூடாது. எந்தப் பாதி என்பது அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தாலே விளங்கிவிடும்.

தூர்தர்ஷன் காலத்தில் மாடியேறி ஆன்டெனா திருப்பியவர்களுக்கு நினைவிருக்கும். திரை முழுக்கப் புள்ளி இரையும். மேலிருந்து “தெரியுதா?” என்று கேட்போம், கீழிருந்து “இன்னும் கொஞ்சம்” என்று குரல் வரும். புள்ளிகளுக்குள்ளிருந்து ஒரு முகம் மெல்லத் தெளியும். ஏஐ வீடியோவும் இப்படிப் புள்ளி இரைச்சலில்தான் தொடங்குகிறது. ஆனால் தொலைக்காட்சியில் அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் நிலையத்திலிருந்து வரும் உண்மையான படம் ஒன்று இருந்தது. இங்கே பின்னால் எதுவுமே கிடையாது.

பிறகு எப்படித் தெளிகிறது? பயிற்சியின்போது உண்மையான வீடியோக்களை எடுத்து, அவற்றின்மேல் வேண்டுமென்றே இரைச்சலைத் தூவி, “நான் தூவியது எது, சொல்” என்று கருவியிடம் கேட்கிறார்கள். தப்பாகச் சொன்னால் திருத்துகிறார்கள். கோடிக்கணக்கான முறை இதைச் செய்தபின் இரைச்சலை அடையாளம் காண்பதில் அது கெட்டிக்காரனாகிவிடுகிறது. அப்புறம் வெறும் இரைச்சலையே கொடுத்து, “இதிலும் கொஞ்சம் நீக்கு” என்றால் அது படிப்படியாக நீக்கிக்கொண்டே போகும். கடைசியில் மிஞ்சுவது, எங்கும் எப்போதும் இருந்திராத ஒரு படம்.

இந்த யோசனை இயற்பியலிலிருந்து வந்தது. ஒரு தம்ளர் தண்ணீரில் மைத்துளி பரவுவதைக் கணக்கிடும் வெப்ப இயக்கவியல்தான் இதன் தாய்வீடு. ஜாஷா சோல்-டிக்ஸ்டைன் என்ற ஆய்வாளரும் வேறு மூவரும் 2015-இல் இதை எழுதினார்கள். 2020-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒன்று இதே வழியில் தெளிவான படங்களை வரைந்து காட்டியது. இடையில் ஐந்து வருடம். “இதனால் தொழிலுக்கு என்ன பயன்?” என்று முதல் வருடமே கேட்டு நிதியை நிறுத்தும் நிர்வாகத்தில் இது பிழைத்திருக்காது. நம் பல்கலைக்கழகங்களில் அடிப்படை இயற்பியலுக்குப் பணம் கேட்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஐந்து வருடம்தான் ஞாபகம் வருகிறது.

சரி, ‘பட்டுச் சேலை கட்டிய பெண்’ என்று நாம் எழுதும் வாக்கியம் இந்தப் புள்ளிகளுக்குள் எப்படிப் புகுகிறது? என்னை மயக்கிய இடம் இதுதான். பரவலாகக் கையாளப்படும் வழி இது: ஒவ்வொரு படியிலும் கருவியிடம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கிறார்கள். முதலில் வாக்கியத்தைக் காட்டாமல் “இதில் எது இரைச்சல்?” என்று கேட்பார்கள். பிறகு வாக்கியத்தைக் காட்டி அதையே கேட்பார்கள். இரண்டு விடைகளும் லேசாக மாறுபடும். அந்த மாறுபாடுதான் ‘பட்டு’ என்ற சொல்லுக்குள்ள எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, வந்ததை ஐந்து மடங்கு, ஏழு மடங்கு என்று பெருக்கி, அந்தத் திசையில் படத்தைத் தள்ளுகிறார்கள். ஒரு கழித்தல், ஒரு பெருக்கல், அவ்வளவுதான், சொல் படமாகிவிடுகிறது! போதுமான அளவு பெருக்காவிட்டால் படம் சொன்ன பேச்சு கேட்காது. அதிகம் பெருக்கினால் நிறங்கள் பொங்கி வழியும். ஏஐ வீடியோவில் வரும் பட்டு எண்ணெய் தடவியது போல மின்னுவதற்கு இந்தப் பெருக்கலும் ஒரு காரணம்.

வீடியோ என்பதால் இன்னொரு சிக்கல் உண்டு. எட்டு நொடி, நொடிக்கு 24 படம், முழு ஹெச்டி என்றால், புள்ளிக்கு மூன்று நிற எண் வீதம் கிட்டத்தட்ட 119 கோடி எண்கள். அதனால் சுருக்கி, இடத்திலும் காலத்திலும் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் மற்றவற்றைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். நடை ஒழுங்காக வருவது இதனால்தான். ஆனால் ஒரு மடிப்புக்குள் மறைந்த புட்டா திரும்ப வெளியே வரும்போது அதே புட்டாவாக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

அம்மாவின் கல்யாணச் சேலையைப் படம் எடுத்துக் கொடுத்து நானே சோதித்தேன். முதல் நொடியில் கரையில் அன்னம் இருந்தது. அந்தப் பெண் திரும்பியதும் அன்னத்துக்குத் தோகை முளைத்துவிட்டது. முந்தானையை நான் படத்தில் காட்டவே இல்லை. கருவி அழகான முந்தானை ஒன்றைத் தானே நெய்துகொண்டது. அம்மா பார்த்துவிட்டு, “இது யாரோட சேலை?” என்று கேட்டார். உங்கள் வாடிக்கையாளர் பார்சலைப் பிரித்ததும் கேட்கப்போவதும் அதே கேள்விதான்.

ஆகவே ஐயா, எதைப் பார்த்து ஒருவர் பணம் தருகிறாரோ அதைக் கருவியின் ஊகத்துக்கு விடாதீர்கள். சேலை, அதன் நிறம், ஜரிகை, கட்டினால் விழும் மடிப்பு எல்லாம் கேமராவில் எடுத்ததாகவே இருக்கட்டும். வாடிக்கையாளர் பாராட்டுவது போல, பிறக்காத ஒரு முகத்தைப் பேச வைப்பதும் வேண்டாம். அது பொய்ச் சாட்சி. திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். நிஜ மாடலின் முகத்தைக் கருவிக்குக் கொடுப்பதாக இருந்தால், எதற்கு, எத்தனை நாளைக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அதற்குத் தனியாகப் பணமும் கொடுங்கள்.

மழை, விளக்கு வரிசை, பட்டுப்புழு கூடு கட்டும் காட்சி, எடுப்பதற்கு முன் கேமராமேனிடம் காட்ட ஒரு மாதிரி வீடியோ, இவற்றுக்கெல்லாம் தாராளமாகப் பயன்படுத்தலாம். மழைத்துளி எந்த இடத்தில் விழுந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ‘செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய காட்சி’ என்று படத்தின்மேலேயே எழுதிவிடுங்கள். கோப்புக்குள் பதியும் அடையாளத் தகவல் நல்ல ஏற்பாடுதான், ஆனால் வீடியோ கைமாறிக் கைமாறிப் போகும்போது அது உதிர்ந்துவிடுவதுண்டு. இப்படி அடையாளம் இடுவதைக் கட்டாயமாக்கும் வரைவு விதிகளை மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2025 அக்டோபரிலேயே வெளியிட்டது; 2026 பிப்ரவரியில் இறுதி விதிகளும் வந்துவிட்டன.

உங்கள் ஊர்க் கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி ஊடை, அதாவது குறுக்கு நூல். அந்த நூலை இழுத்துக்கொண்டு மூன்று நாடா ஓடும். தறியில் நெய்பவரோடு பக்கத்தில் இன்னொருவரும் உட்கார வேண்டும். இரண்டு நிறமும் கொக்கி போட்டுக்கொள்ளும் அந்தச் சேர்மானக் கோட்டை, காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், மகனின் கைபேசியிலேயே பத்து நொடி நெருக்கத்தில் எடுங்கள். தறிச் சத்தமும் அதில் பதியட்டும். பின்னால் மழை வேண்டுமென்றால், அதை மட்டும் கருவியிடம் கேளுங்கள்.